என் காலை நேர்ந்துகொண்ட நாத்தனார்

என் நாத்தனார் தன் முடியை எந்தச் சாமிக்கும் கொடுத்தது கிடையாது. கொடுத்ததெல்லாம் அடுத்தவர்களுடையது. பக்கத்து வீட்டு ஏட்டய்யாவின் மீசையைக் கொடுத்தார். குருசுக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவின் வெற்றிலை பாக்கைக் கொடுத்தார். கடைசியில் என் இரண்டு கால்களையும் கொண்டுபோய் இத்தாலி தேசத்து மலை ஒன்றின்மேல் இருக்கும் மாதாவுக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்கு அதிகம் படிப்பு இல்லை. எட்டாவதோடு நின்றவள். புதுச்சேரி உப்பளத்தில் எங்களுக்கு ஒரு மாவு மில் இருக்கிறது. காலையில் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு மில்லுக்குப் போனால் மிளகாய்த்தூள் நெடியோடு வீட்டுக்கு வருவேன். அப்படிப்பட்ட நான் இத்தாலி மலைகளில் சைக்கிள் ஓட்டினேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஆறு நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு உட்கார இருப்புக் கொள்ளாது.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா, ஆறு வயது மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரைக் கட்டிக்கொண்டு சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போனவர். புருஷன் போன பிறகு அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தார். பிள்ளை குட்டி இல்லை. வருஷத்துக்கு இரண்டு மாதம் எங்கள் வீட்டுக்கு வருவார். வந்ததும் பெட்டியைக்கூட உள்ளே வைக்க மாட்டார். தம்பியை வாசலிலேயே நிறுத்தி, அவர் நெற்றியில் புருவத்துக்கு மேலே இருக்கும் பழைய தழும்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவி, அதன்மேல் விபூதி வைப்பார். அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார்.

மறுநாளே தெருவில் யாருக்கு என்ன கஷ்டம் என்று விசாரணை ஆரம்பமாகிவிடும். கேட்பதோடு நிற்கவும் மாட்டார். உடனே நேர்ந்துகொள்வார். ஏட்டய்யா மனைவிக்குப் பிரசவ வலி எடுத்து ஒருநாள் முழுக்கக் குழந்தை பிறக்கவில்லை. சாயங்காலம் பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஏட்டய்யா மிட்டாய் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். நாத்தனார் போய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா அப்படிப் பாக்கறீங்க?"

"மீசையை எப்ப எடுக்கப் போறீங்க?"

"எதுக்கு எடுக்கணும்?"

"மயிலம் முருகனுக்கு நேர்ந்துக்கிட்டேன். மத்தியானமே."

"என் மீசையை நீங்க எப்படிம்மா நேர்ந்துக்கலாம்? என் டூட்டி என்ன ஆவுறது? எவன் என்னைப் பார்த்துப் பயப்படுவான்?"

"சாமி காதுல விழுந்துடுச்சு. இனிமே திரும்ப வாங்க முடியாது."

இதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. சாமி காதில் விழுந்துவிட்டது. அதற்குமேல் யாரும் வாதாட முடியாது. பெற்ற குழந்தை உள்ளே கிடக்கும்போது சாமியோடு தகராறு செய்ய எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? ஏட்டய்யா மயிலம் போய் மீசையை எடுத்துவிட்டு வந்தார். அவர் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

மீன்கார அம்மா கதை வேறு. புயல் நேரத்தில் அவர் மகன் படகு திரும்பவில்லை. நாத்தனார் அந்த அம்மாவின் வெற்றிலையை நாற்பது நாளைக்கு நேர்ந்துவிட்டார். மகன் வந்துவிட்டான். நாற்பது நாளும் அந்த அம்மா எங்கள் வாசலில் கூடையை இறக்கும்போதெல்லாம், "எங்க அந்தப் பிரான்சுக்காரி? என் வாயைக் கட்டிட்டுப் போனவ" என்று வைதார். நாற்பத்தோராம் நாள் ஒரு வெற்றிலையைப் போட்டுப் பார்த்துத் துப்பிவிட்டார். பிடிக்கவில்லையாம். அன்று எங்கள் வீட்டுக்கு முழு வஞ்சிரம் ஒன்று சும்மா வந்தது.

எனக்கு இதையெல்லாம் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது, என் முறை வரும்வரை.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அடைப்பு. ஆபரேஷன் என்றார்கள். தியேட்டருக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தியதும் நாத்தனாருக்குப் போன் போட்டேன். அவர் அப்போது லீவில் இத்தாலியில் இருந்தார். வருஷா வருஷம் அவர் வேலை பார்த்த இடத்துப் பெண்கள் சேர்ந்து எல்லை தாண்டிப் போய் அங்கே மலைப் பள்ளத்தாக்குகளில் வெலோ ஓட்டுவார்கள். வெலோ என்றால் சைக்கிள்தான். பிரான்சுப் பக்கம் போய்வந்த குடும்பங்களில் எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"அண்ணி, உள்ள கொண்டுபோயிட்டாங்க" என்று அழுதேன்.

"அழாத. எதிர்ல ஒரு மாதா கோயில் இருக்கு. போனை வை" என்றார்.

அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "இனிமே பயமில்ல. நேர்ந்துக்கிட்டேன்."

"என்ன அண்ணி நேர்ந்துக்கிட்டீங்க?"

"உன் காலை."

அவரே விளக்கினார். "தம்பி நல்லபடியா எழுந்து வந்தா நீ இங்க வரணும். வெலோவுல வரணும். கீழ ஒரு பாலம் இருக்கு. அங்கேர்ந்து கோயில் வரைக்கும் பதினோரு வளைவு. உன் கால் தரையில படாம ஏறி வந்து உன் கையால மெழுகுவத்தி ஏத்தணும்."

"நம்ம ஊர் மாதாவுக்கு நேர்ந்திருக்கக் கூடாதா அண்ணி?"

"அங்க மலை ஏதுடி?"

என் வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். மூன்றே மாதத்தில் மில்லில் வந்து உட்கார்ந்து, "நெஞ்சைப் பொளந்தது எனக்கு. டூரு உனக்கா?" என்று கேலி பேசினார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சாமிக்குச் சொன்னதைச் செய்யாமல் விட்டால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற பயம் ரத்தத்தில் ஊறியது. முருகன் கோயில் குருக்களிடம் போய், அங்கே வேண்டியதை இங்கே செலுத்தலாமா என்று கேட்டேன். "எங்க வேண்டினாங்களோ அங்கதாம்மா செலுத்தணும்" என்றவர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவ்வளவு தூரம் சைக்கிள்லயேவா போகணும்?" என்று கேட்டார். வீட்டுக்காரர் இருமினால் நான் என் காலைப் பார்த்துக்கொள்வேன். அந்த மலையேறி முடிக்கும்வரை அவர் உயிர் என் முழங்காலில் கட்டித் தொங்குவதாகவே எனக்கு இருந்தது.

மார்கழியில் நாத்தனார் வந்து பயிற்சியை ஆரம்பித்தார். கியர் வைத்த சைக்கிள் ஒன்றைப் பழசாக வாங்கினார். எங்கள் ஊர் உள்ளங்கை மாதிரி தட்டை. மேடு வேண்டுமென்றால் ரயில்வே மேம்பாலம், அதை விட்டால் கோரிமேட்டு ஏற்றம். கேரியரில் எங்கள் மில் கோதுமை மாவையே பத்துக் கிலோ கட்டி வைத்து, விடிந்ததும் என்னை மேம்பாலத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். ஏற வேண்டும். உச்சிக்குப் போனதும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்து இறங்க வேண்டும். மறுபடி திரும்பி ஏற வேண்டும். தினமும் காலையில் பன்னிரண்டு தடவை.

ஒருநாள் பஸ் கண்டக்டர் ஒருவர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார்: "ஏம்மா, ஏறும்போது உக்காந்து மிதிக்கிறீங்க, இறங்கும்போது நடக்கிறீங்க. யாராவது தலைகீழா சொல்லிக் குடுத்துட்டாங்களா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். கேட்டேன்.

"ஏறுறது நம்ம பலம். இறங்குறது வண்டி பலம். சாமிக்கு வேண்டியது நம்ம பலம்தான். உக்காந்து இறங்கினா ஏறின பலன் போயிடும்" என்றார் நாத்தனார்.

நம்பினேன். மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த செப்டம்பரில் பாஸ்போர்ட், விசா எல்லாம் முடித்து விமானம் ஏறும்வரை, சைக்கிளில் உட்கார்ந்து ஒரு சரிவில்கூட நான் இறங்கியது கிடையாது. பிரேக் என்பது சிக்னலில் நிற்பதற்கு என்றுதான் எனக்குத் தெரியும்.

அந்தப் பள்ளத்தாக்கை முதலில் பார்த்ததை எப்படிச் சொல்ல! இரண்டு பக்கமும் மலை. நடுவில் ஒரு ஆறு, பால் கலந்த பச்சை நிறத்தில், எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டு. ஆற்றை ஒட்டி ரோடு. அண்ணாந்து பார்த்தால் தொங்குவது போல ஊர்கள். எங்களுக்கு ஒரு மலை இருந்தாலே முருகன் இருப்பார். அங்கே மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் மலை. "அண்ணி, இங்க எத்தனை முருகன்!" என்று கத்திவிட்டேன். "ஏறும்போது பேசாத. மூச்சு போயிடும்" என்றார் அவர். ஆனால் அவர் முகமும் பூரித்துத்தான் இருந்தது.

மூன்று பள்ளத்தாக்கு, ஆறு நாள். ஊர்ப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒரு ஊரில் வீட்டுச் சுவர்களில் எல்லாம் சூரிய கடிகாரம் வரைந்திருந்தார்கள். அது கடிகாரத்தூர். இன்னொன்றில் தெரு என்பதே வளைவு வளைவாகக் கல் மண்டபம். உள்ளே சைக்கிளில் போனால் மூலஸ்தானத்துக்குப் போகிற மாதிரி குளிர்ச்சி. அது மண்டபத்தூர். மூன்றாவதில் மனிதர்களையே காணோம், ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூந்தொட்டியும் ஒரு பூனையும். பூனையூர். வீட்டுக் கூரைகூடக் கல் பலகைதான். வாசல்படிக்கு மேலே, அந்த வீட்டைக் கட்டிய வருஷத்தைச் செதுக்கி வைத்திருந்தார்கள். நாத்தனார் படித்துச் சொன்னார். எங்கள் ஊரில் வெள்ளைக்காரன் கோட்டை கட்டுவதற்கும் முன்னால் கட்டிய வீடு. அதில் ஒரு அம்மா பனியன் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஊருக்கு ஒரு கல் தொட்டி. மலைத் தண்ணீர் வந்து விழுந்துகொண்டே இருக்கும். வளைவுக்கு வளைவு ஆள் உயரத்தில் ஒரு சின்ன மாடம், உள்ளே மாதா படமோ ஏதோ ஒரு அந்தோணியார் மாதிரி சாமியாரோ. யாராவது காட்டுப் பூவைச் சொருகி வைத்திருப்பார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே மிதித்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு வீட்டில் தட்டு வந்தது. மஞ்சளாகக் கிண்டியது, மேலே பால்கட்டி உருகி ஓடுகிறது. ஒரு வாய் வைத்தேன். "அண்ணி, இது நம்ம சோளக் களி!" மாவு மில்காரிக்குத் தெரியாதா? கொரகொரப்பாக அரைத்த மக்காச்சோளம். அந்த வீட்டு அம்மாவிடம் விரலால் தேய்த்துக் காட்டி, மாவு நன்றாக அரைந்திருக்கிறது என்று சைகையில் சொன்னேன். அந்த அம்மா எனக்கு இன்னொரு கரண்டி வைத்தார்.

இரண்டாம் நாள்தான் குட்டு வெளிப்பட்டது. ஒரு கணவாயில் ஏறி, வழக்கம்போல் இறங்கி நடந்துகொண்டிருந்தோம். எங்களைத் தாண்டி ஆண், பெண், கிழம், குழந்தை என்று எல்லோரும் சைக்கிளில் உட்கார்ந்தபடி சர்ரென்று போனார்கள். எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா போகிற போக்கில் எங்களைப் பார்த்து, டயர் பஞ்சரா என்று சைகையில் கேட்டார்.

"அண்ணி, இவங்க பலனெல்லாம் என்ன ஆவுறது?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைத் தள்ளினார்.

நான் பயந்து பயந்து ஏறி உட்கார்ந்தேன். பிரேக்கை இறுக்கிப் பிடித்ததில் சக்கரத்திலிருந்து ரப்பர் தீய்ந்த வாசனை வந்தது. கீழே தண்ணீர்த் தொட்டி அருகே இருந்த ஒரு மனுஷர் என் கையைப் பார்த்துவிட்டு, பிடித்துப் பிடித்து விட வேண்டும் என்று தன் கையால் செய்து காட்டினார். பிடி, விடு. பிடி, விடு. அவ்வளவுதான். அன்று சாயங்காலத்து இறக்கத்தில் நான் பறந்தேன். ஐம்பது வயதில், காது இரண்டிலும் காற்று சங்கு ஊத, வாயைத் திறந்தால் வாய்க்குள் காற்று. முருகனுக்கு எதற்கு மயில் வாகனம் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

கீழே போய்க் காத்திருந்தேன். மேலே பார்த்தால், நூல் மாதிரி தெரிகிற ரோட்டில், ஒவ்வொரு வளைவாக, வண்டியைத் தள்ளிக்கொண்டு என் நாத்தனார் நடந்து வருகிறார். பொட்டு மாதிரி தெரிகிறார். முக்கால் மணி நேரம் ஆனது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். எல்லா ஏற்றத்திலும் எனக்கு முன்னால் போகிறவர், எல்லா இறக்கத்திலும் தனியாக நடந்தார். அவருக்குப் பயம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆறாம் நாள் அந்தப் பாலம் வந்தது. என் காலுக்கு விபூதி பூசி, நாத்தனார் மெதுவாகச் சொன்னார்: "போ. நான் பின்னாடியே வரேன். எண்ணிக்கிட்டே ஏறு."

முதல் ஐந்து வளைவு எப்படிப் போனதென்று தெரியாது. ஆறாவதில் தொடை நடுங்கியது. ஏழாவதில் மணிச்சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு அல்ல, ஒரு தேர்த்திருவிழா அளவுக்கு. வளைவைத் திரும்பினால் ரோடு முழுக்க மாடுகள். குளிர்காலம் வருகிறது என்று மலைமேல் மேய்ந்த மாடுகளைக் கீழே ஓட்டி வருகிறார்கள். கொம்புக்குக் கொம்பு பூ, நெற்றியில் காகித ரோஜா, கழுத்தில் குடம் பருமனுக்கு மணி.

"அண்ணி! மாட்டுப் பொங்கல்!" என்று சந்தோஷத்தில் கத்தினேன். அடுத்த நொடியே பிரேக்கைப் பிடித்தேன். வழி இல்லை. நிற்க வேண்டும். நின்றால் கால் ஊன்ற வேண்டும்.

வளைவில் ஒரு மாதா மாடம். அதன் முன்னால் இரும்புக் கம்பி. அதை இடது கையால் எட்டிப் பிடித்தேன். கால் இரண்டும் பெடலில். வண்டி ஆடியது. "ஊனாத! ஊனிடாதடி!" என்று நாத்தனார் தன் வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் சீட்டைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். மாடுகள் எங்களை உரசிக்கொண்டு போயின. ஒரு சிவப்புப் பசு நின்று என் முழங்காலை நக்கிப் பார்த்தது. வியர்வையில் ஊறிய விபூதி உப்புக் கரித்திருக்க வேண்டும். கை வழுக்கியது. எனக்குக் கண்முன்னால் ஆபரேஷன் தியேட்டர்க் கதவுதான் தெரிந்தது.

மாட்டுக்கார மனுஷர், தொப்பி போட்ட கிழவர், வந்து ஏதோ கேட்டார். நாத்தனார் சீட்டை விடாமல் தனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் சொன்னார். வானத்தைத் தலையால் காட்டினார், நெஞ்சைத் தாடையால் காட்டினார், என் காலைக் கண்ணால் காட்டினார். கிழவருக்கு என்ன புரிந்ததோ, தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார். வந்து என் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். கடைசி மாடு போகும்வரை மூன்று பேரும் அப்படியே நின்றோம். அப்புறம் அவர் என்னைத் தள்ளிவிடத் தயாரானார்.

"அண்ணி, தள்ளலாமா? வேண்டுதலுக்கு ஆகுமா?"

"காலு தரையில படக்கூடாதுன்னுதான் சொன்னேன். முதுகுல கை படக்கூடாதுன்னு சொல்லல. தள்ளச் சொல்லு!"

கிழவர் தள்ளிய தள்ளலில் எட்டாவது வளைவு தானாகவே வந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. கோயில் வாசல் புல்லில் வண்டியோடு விழுந்தேன். விழுந்தபின் கால் பட்டால் பரவாயில்லை என்று நாத்தனாரே தீர்ப்புச் சொன்னார். இரண்டு பேரும் புல்லில் கிடந்து அழுதோமா சிரித்தோமா தெரியாது.

சின்னக் கல் கோயில். குனிந்துதான் நுழைய வேண்டும். சுவரில் வரைந்த மாதா, நீல முக்காடு, பாதத்துப் பக்கம் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. புதுச்சேரியிலிருந்து கொண்டுபோன மெழுகுவத்தியை ஏற்றினேன். நாத்தனார் தன் பங்குக்குக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். நான் தனியாக நின்றேன். என் புருஷன் உயிர் என் முழங்காலிலிருந்து அவிழ்ந்து இறங்கியது போல உடம்பு லேசாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நான் பறந்த மாதிரி நாத்தனாரும் ஒருதடவை பறக்க வேண்டும். பழிவாங்குகிற ஆசையும் கொஞ்சம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

"தாயே, என் வீட்டுக்காரருக்கு இன்னும் இருபது வருஷம் ஆயுசு கொடு. கொடுத்தா, என் நாத்தனார் இங்கேர்ந்து பாலம் வரைக்கும் வண்டியை விட்டு இறங்காம உக்காந்தே போவாங்க."

வெளியே வந்து சொன்னேன். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"எதுக்குடி நேர்ந்துக்கிட்ட?"

"தம்பிக்கு அண்ணி. இருபது வருஷம் கேட்டிருக்கேன்."

"சத்தமா சொன்னியா, மனசுக்குள்ளயா?"

"சத்தமாத்தான்."

"அப்ப விழுந்திருக்கும்" என்றார். "படுபாவி" என்று என்னைத் திட்டிவிட்டு ஹெல்மெட் வாரை இறுக்கினார்.

நான் முன்னால் போனேன். "என் முதுகைப் பாருங்க அண்ணி, பள்ளத்தைப் பாக்காதீங்க. பிடி, விடு. பிடி, விடு." பின்னாலிருந்து "முருகா, முருகா" என்று வந்தது. மூன்றாவது வளைவில் அது "மாதாவே" ஆனது. ஐந்தாவதிலிருந்து என்னைத்தான். உப்பளத்தில் குழாயடிச் சண்டையில்கூட நான் கேட்டிராத வசவெல்லாம் அந்தப் பள்ளத்தாக்கில் எதிரொலித்தது. எனக்கு அதைக் கேட்கக் கேட்க நிம்மதி. திட்டுகிறார் என்றால் வருகிறார்.

பாலத்தில் வந்து நின்றபோது அவர் விரல்கள் பிரேக்கை விட்டு வரவில்லை. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கோரிமேட்டு இறக்கம். எனக்குப் பதினொண்ணு, அவனுக்கு அஞ்சு. அப்பா வண்டி. பின்னாடி அவனை உக்காத்தி வச்சு விட்டேன் பாரு, பறந்துது. அவன் சிரிக்கிறான். இன்னும் வேகமாக்கா, இன்னும் வேகமாக்கான்றான். பிரேக்கு புடிக்கலை."

எனக்கு அந்தத் தழும்பு கண்ணில் நின்றது.

"கண்ணைத் திறக்கலடி அவன். ரோட்டுல யாரும் இல்ல. சாமிகிட்ட ஏதாவது குடுக்கிறேன்னு சொல்லணும். என்கிட்ட என்னா இருந்துது? அவன் தலை என் கையில. ரத்தத்தோட அவன் முடி என் விரல்ல ஒட்டிக்கிட்டிருந்துது. அதைத்தான் மயிலம் முருகனுக்கு நேர்ந்துக்கிட்டேன். உடனே கண்ணைத் திறந்தான்."

அதற்குப் பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் கேட்ட முதல் வரம் அடுத்தவர் முடிக்குக் கிடைத்தது. கிடைத்த வழியிலேயே கடைசிவரை போனார்.

ஊருக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கோரிமேடா? நாய் குறுக்க வந்துதுன்னு இல்ல வீட்ல சொன்னாங்க" என்றவர், வெகுநேரம் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்காமல் இன்றைக்கும் மில்லில் மூட்டை தூக்குகிறார். நன்றாக இருக்கிறார்.

நாத்தனார் இரண்டு வருஷம் கழித்து ஒரு தை மாதம் பிரான்சில் தூக்கத்திலேயே போய்விட்டார். செய்தி வந்த அன்று நான் பூஜை அறையில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்த மலைமேல் என் புருஷனுக்கு இருபது வருஷம் கேட்டேன். அதற்கு நாத்தனாரின் தைரியத்தைக் கொடுத்தேன். அவருக்கென்று ஒரே ஒரு வருஷம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் கேட்டவருக்காக யாருமே கேட்கவில்லை. இன்றும் விளக்கேற்றும்போது முருகனிடம் இதை ஒருதடவை சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

சொல்லி முடித்ததும் அந்தப் பாலம்தான் கண்ணுக்குள் வரும். அன்று வேண்டுதல் பாலத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் நாங்கள் தங்கியிருந்த ஊர் அதற்கும் கீழே. இன்னும் ஒரு சரிவு, நேராக, ஊர் மணிக்கூண்டு வரைக்கும்.

"இதை நேர்ந்துக்கல அண்ணி. நடந்தே போலாம், வாங்க" என்றேன்.

அவர் எழுந்து பின்னலை அவிழ்த்து உதறினார். வியர்த்திருந்தது. மறுபடி பின்னாமல் அப்படியே ஏறி உட்கார்ந்தார்.

"முன்னாடி நிக்காதடி. வழி விடு."

போனார். பாதி வழியில் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து அகலமாக நீட்டிக்கொண்டார். எந்தச் சாமிக்கும் கொடுக்காத அந்த நரைத்த முடி முழுக்கக் காற்றில் எழும்பி நின்றது. "ஓரம் போ! ஓரம் போ!" என்று கத்திக்கொண்டே இறங்கினார். ரோட்டில் ஒரு ஆள் இல்லை.